எல்லை தாண்டும் ட்ரக் சாரதிகளுக்கு: ஈஎல்டியில் வேலை நேரத்தைச் சரியாகப் பதிவு செய்யும் முறை

ஒன்ராறியோவில் ட்ரக் உரிமம் பெற்று, சிறிது காலம் உள்ளூரில் ஓடிப் பழகிய பின் அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வேலைக்கு மாறுகின்ற தமிழ்ச் சாரதிகள் பலர், வண்டியை ஓட்டுவதைவிட அதில் பொருத்தப்பட்டிருக்கும் ஈஎல்டி என்ற மின்னணு நேரப்பதிவுக் கருவியைப் பார்த்தே அதிகம் தயங்குகிறார்கள். கருவி எல்லாவற்றையும் தானாகவே எழுதிக்கொள்ளும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. வண்டி எப்போது நகர்ந்தது, எங்கே நின்றது, எத்தனை மைல் ஓடியது என்பவற்றை அது இயந்திரத்திலிருந்து நேரடியாக அறிந்துகொள்கிறது. ஆனால் நின்ற நேரத்தில் நீங்கள் டீசல் நிரப்பினீர்களா, டொக்கில், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில், சரக்கு இறக்குவதை மேற்பார்த்தீர்களா, பின்கட்டிலில் படுத்து உறங்கினீர்களா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பாதியை நீங்கள்தான் உரிய நேரத்தில் எழுத வேண்டும். ஒரு லொக்கின், அதாவது வேலை நேரப் பதிவின், பலமும் பலவீனமும் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன.

அமெரிக்காவில் இந்தக் கருவி 2017 டிசம்பர் 18 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று அதற்கு வழிவகுத்தது. கனடாவின் மத்திய அரசின் விதி 2021 ஜூன் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் கருவியைத் தயாரிக்கும் நிறுவனமே அது விதிகளுக்கு அமைவானது என்று அறிவித்துப் பதிவு செய்கிறது. கனடாவிலோ அரசு அங்கீகரித்த மூன்றாம் தரப்பு அமைப்பு ஒன்று சோதித்துச் சான்றளிக்க வேண்டும். ஆகவே எல்லை தாண்டும் வண்டியிலுள்ள கருவி இரண்டு நாடுகளின் பட்டியலிலும் இருக்க வேண்டும். அமெரிக்கப் பட்டியலிலிருந்து கருவிகள் அவ்வப்போது நீக்கப்படுவதால், புதிய கொம்பனியில் சேரும்போது கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் கேட்டறிந்து, இரு பட்டியல்களிலும் நீங்களே தேடிப் பார்ப்பது நல்லது.

முதலில் வரம்புகளை மனதில் பதியுங்கள்

திரையில் ஓடும் எண்களின் பொருள் தெரியாமல் கருவியைக் கையாள முடியாது. சரக்கு ஏற்றும் சாரதிக்கு அமெரிக்காவில் உள்ள அடிப்படை விதி இது: தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பின் வேலையைத் தொடங்கினால், அந்த நேரத்திலிருந்து 14 மணித்தியாலத்துக்குள், மொத்தம் 11 மணித்தியாலம் வரை வண்டி ஓட்டலாம். 8 மணித்தியாலம் ஓட்டிய பின் மேலும் ஓட்ட வேண்டுமானால், அதற்குமுன் தொடர்ச்சியாக 30 நிமிடமாவது ஓட்டாமல் இருந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பர் 29க்குப் பின், டீசல் நிரப்புவதிலோ சரக்கு இறக்குவதிலோ கழிந்த அரை மணித்தியாலமும் இதற்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. வாரம் முழுவதும் இயங்கும் நிறுவனத்தில் 8 நாட்களில் 70 மணித்தியாலம் என்பது மேலெல்லை. தொடர்ந்து 34 மணித்தியாலம் ஓய்வெடுத்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கனடாவின் விதி சற்றுத் தாராளமானது. 13 மணித்தியாலம் ஓட்டலாம், 14 மணித்தியாலம் வேலை செய்யலாம், வேலை தொடங்கி 16 மணித்தியாலம் கடந்த பின் ஓட்ட முடியாது. தொடர் ஓய்வு 8 மணித்தியாலம். அத்துடன் நாளொன்றில் மொத்த ஓய்வு 10 மணித்தியாலமாக இருக்க வேண்டும். முதல் வகைச் சுழற்சியில் 7 நாட்களுக்கு 70 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம்.

புதியவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு கணக்குகளும் எல்லையில் சந்திக்கும் இடத்தில்தான். எல்லைப் பாலத்தைக் கடந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. கனடாவில் ஏற்கெனவே ஓட்டிய மணித்தியாலங்களும் அமெரிக்க வரம்புக்குள் சேர்க்கப்படும். கியூபெக்கின் வடபகுதியிலிருந்து 12 மணித்தியாலம் ஓட்டி வந்த ஒருவர் கனேடிய விதிப்படி குற்றமற்றவர். ஆனால் அதே நிலையில் எல்லையைக் கடந்து அமெரிக்க மண்ணில் தொடர்ந்து ஓட்டினால் அந்தக் கணமே விதிமீறல். எனவே எல்லை தாண்டும் நாளில் காலையிலிருந்தே அமெரிக்க வரம்பை வைத்துத் திட்டமிடுங்கள். கருவியில் எந்த நாட்டு விதித்தொகுதி தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பதைப் புறப்படும் முன்னரும் எல்லையைக் கடந்த பின்னரும் பாருங்கள். சில கருவிகள் இடத்தை அறிந்து தாமே மாறும். சிலவற்றில் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

புறப்படும் முன்

உங்கள் பெயரிலுள்ள கணக்கில் உள்நுழையுங்கள். வேறொருவரின் கணக்கில் ஓட்டுவதும், உங்கள் கணக்கை மற்றவருக்குக் கொடுப்பதும் கடுமையான குற்றங்கள். கொம்பனியில் பயணங்களை ஒழுங்கு செய்யும் டிஸ்பாட்சர் சொன்னாலும் செய்யாதீர்கள். ட்ரக்கின் எண், ட்ரெயிலர் எண், சரக்குப் பத்திரத்தின் எண் ஆகியவற்றைச் சரிபார்த்து இடுங்கள். முந்தைய பயணத்தின் ட்ரெயிலர் எண் அப்படியே நிற்பது அடிக்கடி காணப்படும் பிழை.

உள்நுழைந்தவுடன் சில வேளைகளில், யார் ஓட்டினார் என்று தெரியாத ஓட்டப் பதிவொன்றைக் கருவி காட்டி, இது உங்களுடையதா என்று கேட்கும். யார்டில் மெக்கானிக் ஒருவர் உள்நுழையாமல் வண்டியை நகர்த்தியிருந்தால் அது இப்படித்தான் வந்து நிற்கும். உங்களுடையது அல்லவென்றால் மறுத்துவிடுங்கள். கொம்பனி அதை உரியவருக்கு ஒதுக்கவோ விளக்கம் எழுதவோ கடமைப்பட்டுள்ளது. உங்களுடையதாக இருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிட்டால், நீங்கள் ஓட்டாத நேரம் உங்கள் 11 மணித்தியாலத்தில் கழிந்துவிடும்.

வண்டியில் இருக்க வேண்டிய தாள்கள் நான்கு: கருவியின் பயன்பாட்டுக் கையேடு, பரிசோதகருக்குத் தரவு அனுப்பும் முறையைக் கூறும் தாள், கருவி பழுதானால் செய்ய வேண்டியதைக் கூறும் தாள், வெற்று லொக் தாள்கள். அமெரிக்காவில் 8 நாட்களுக்கான வெற்றுத் தாள்கள் போதும்; கனடாவில் 15 நாட்களுக்கு வேண்டும். 15 வைத்திருந்தால் இரு பக்கமும் கவலையில்லை. திரை நிலையாகப் பொருத்தப்பட்டு, இருக்கையிலிருந்தே தெரியும்படி இருக்க வேண்டும். மடியிலோ பக்கத்து இருக்கையிலோ டாப்லெட்டை வைத்து ஓட்டுவது விதிக்கு மாறானது.

நான்கு நிலைகள்

லொக்கில் நான்கு கோடுகள் உண்டு: ஓஃப் டியூட்டி (வேலையில் இல்லாத நேரம்), ஸ்லீப்பர் (பின்கட்டிலில் ஓய்வு), டிரைவிங் (ஓட்டம்), ஒன் டியூட்டி (ஓட்டம் தவிர்ந்த வேலை). வண்டி மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் கருவி தானாக டிரைவிங் கோட்டுக்குச் சென்றுவிடும். வண்டி நின்று தொடர்ந்து 5 நிமிடம் கழிந்தால், இன்னும் ஓட்டுகிறீர்களா என்று திரையில் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லாவிட்டால் ஒன் டியூட்டிக்கு மாற்றிவிடும். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். சாப்பிட நிறுத்திவிட்டு, திரையைத் தொடாமல் இறங்கிப் போனால், அந்த நேரம் முதலில் ஓட்டமாகவும் பின்னர் வேலையாகவும் எழுதப்படும். அந்த நிமிடங்கள் உங்கள் 70 மணித்தியாலத்திலிருந்து வீணாகக் கழியும். பிரேக் இழுத்த கையோடு நிலையை மாற்றும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் வண்டியைச் சுற்றிப் பரிசோதிப்பது ஒன் டியூட்டி. டீசல் நிரப்புவது, எடைபோடுவது, சுங்க அதிகாரியின் முன் நிற்பது, பரிசோதனைக்கு உட்படுவது, சரக்கு ஏற்றும்போது பொறுப்பில் இருப்பது ஆகிய அனைத்தும் ஒன் டியூட்டியே. ஓட்ட நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இவற்றை ஓஃப் டியூட்டி என்று எழுதும் பழக்கத்தைப் பழைய சாரதிகள் சிலர் கற்றுக்கொடுப்பார்கள், அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். டீசல் ரசீதிலுள்ள நேரமும் உங்கள் லொக்கிலுள்ள நேரமும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கப்படும் நாள் வரலாம்.

ஒரு நாள் எப்படிப் பதிவாகிறது

ஸ்காபரோவிலிருந்து சிகாகோவுக்கு 401, 402 நெடுஞ்சாலைகள் வழியாகச் சார்னியாவை அடைந்து, புளூ வாட்டர் பாலத்தால் போர்ட் ஹ்யூரனுக்குள் நுழைந்து செல்லும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். 10 மணித்தியால ஓய்வு முடித்துக் காலை 5:00 மணிக்கு ஒன் டியூட்டிக்கு மாறி வண்டியைப் பரிசோதிக்கிறீர்கள். 14 மணித்தியாலக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. மாலை 7:00 மணிக்கு அது முடியும். 5:30க்குப் புறப்பட்டு 9:00 மணிக்குப் பாலத்தை அடைகிறீர்கள். ஓட்டம் 3 மணி 30 நிமிடம். வரிசையிலும் சாவடியிலுமாக 45 நிமிடம் போகிறது. வரிசை ஊர்ந்து நகரும்போது கருவி ஓட்டத்துக்கும் வேலைக்குமாக மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அதை 30 நிமிட இடைவேளையாக எண்ணிக்கொள்ளாதீர்கள். வரிசையில் ஊர்ந்த சில நிமிடங்களைக் கணக்கு எளிமைக்காக இங்கே விட்டுவிடுகிறேன்.

9:45க்கு மீண்டும் ஓட்டுகிறீர்கள். பிற்பகல் 2:15க்கு 8 மணித்தியால ஓட்டம் நிறைவடையும். ஆகவே அதற்கு முன் நிறுத்தியாக வேண்டும். 1:00 மணிக்கு ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, ஓஃப் டியூட்டிக்கு மாறி, 1:30க்குப் புறப்பட்டு, 4:15க்குச் சிகாகோவில் சரக்கு இறக்கும் இடத்தை அடைகிறீர்கள். சிகாகோவின் கடிகாரம் அப்போது 3:15 காட்டும். லொக்கோ உங்கள் கொம்பனியின் நிலையம் அமைந்துள்ள ரொறன்ரோ நேரத்திலேயே தொடரும். டொக்கின் சந்திப்பு நேரத்தை டிஸ்பாட்சர் எந்த நேரத்தில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஓட்டம் 9 மணி 30 நிமிடம். இன்னும் 1 மணி 30 நிமிடம் ஓட்டலாம். ஆனால் 14 மணித்தியாலத்தில் மீதமிருப்பது 2 மணி 45 நிமிடம். டொக்கில் 3 மணித்தியாலம் காக்க வைத்தால் 7:15 ஆகிவிடும். அந்த நேரத்தை ஒன் டியூட்டி என்று விட்டிருந்தால், ஓட்ட நேரம் கையில் இருந்தும் வண்டியை அசைக்க முடியாது. இடையில் சும்மா இருந்தாலும் சாப்பிட்டாலும் 14 மணித்தியாலக் கடிகாரம் நிற்பதில்லை என்பதே இந்த விதியின் கடுமை.

அதை நிறுத்துவதற்கு முறையான வழி ஒன்று உண்டு. இறக்கும் இடத்தில் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, போய் ஓய்வெடுக்கலாம் என்று சொல்லப்பட்டு, நீங்கள் உண்மையாகவே பின்கட்டிலில் அந்த 3 மணித்தியாலமும் ஓய்வெடுத்தால், ஸ்லீப்பர் என்று பதிவு செய்யுங்கள். ஓய்வை இரண்டாகப் பிரிக்கும் விதிப்படி, ஒரு பகுதி ஸ்லீப்பரில் குறைந்தது 7 மணித்தியாலமும், மற்றது குறைந்தது 2 மணித்தியாலமுமாக, இரண்டும் சேர்ந்து 10 மணித்தியாலமாக இருந்தால், இரண்டுமே 14 மணித்தியாலத்தில் சேராது. ஆகவே 7:15க்குப் புறப்பட்டு ஒரு மணித்தியாலம் ஓட்டி, 8:15க்கு ட்ரக் ஸ்டொப்பில் நிறுத்தி, 7 மணித்தியாலம் ஸ்லீப்பரில் உறங்குகிறீர்கள். அதிகாலை 3:15க்கு எழும்போது கணக்கு மாலை 7:15லிருந்து தொடங்கும்: ஏற்கெனவே ஓட்டிய 1 மணித்தியாலம் போக, 10 மணித்தியால ஓட்டமும் 13 மணித்தியால வேலை நேரமும் கையில் இருக்கும். இரண்டாவது பகுதியை முழுமையாக எடுக்காவிட்டால் முதல் பகுதியின் பயனும் போய், அந்த மாலை ஓட்டம் பின்னோக்கி விதிமீறலாகிவிடும்.

அமெரிக்காவில் சிறிய பகுதியை ஓஃப் டியூட்டியாகவும் எடுக்கலாம். கனடாவிலோ தனிச் சாரதி இரண்டு பகுதிகளையும் ஸ்லீப்பரிலேயே எடுக்க வேண்டும். திரும்பி வரும் பயணத்தை எண்ணி, இரண்டையும் ஸ்லீப்பரில் எடுப்பதே என் பரிந்துரை.

சொந்தத் தேவைக்கான ஓட்டம்

வேலை முடிந்து ஓட்ட நேரமும் தீர்ந்த பின், இறக்கிய இடத்தில் நிறுத்த விடமாட்டார்கள். இந்த நிலைமைக்காகவே, அருகிலுள்ள பாதுகாப்பான ஓய்விடம் வரை சொந்தத் தேவைக்கான ஓட்டமாகச் செல்லலாம் என்று அமெரிக்க மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகம் 2018இல் வெளியிட்ட விளக்கம் அனுமதிக்கிறது. வண்டியில் சரக்கு இருப்பதும் தடையல்ல. ஆனால் அடுத்த வேலைக்கு நெருக்கமாகப் போய் நிற்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. கனடாவில் நிபந்தனைகள் வேறு: வண்டி வெறுமையாக இருக்க வேண்டும், ட்ரெயிலரைக் கழற்றியிருக்க வேண்டும், நாளொன்றுக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது. கொம்பனி இதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நிலையைத் தெரிவு செய்யும்போது காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த ட்ரக் ஸ்டொப்புக்கு, ஏன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போதும்.

திருத்தமும் கையொப்பமும்

தவறாக விட்ட நிலையைத் திருத்தலாம். மூலப் பதிவு அழியாது. திருத்தம் அதன்மேல் காரணத்துடன் சேர்க்கப்படும். கருவி தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தைக் குறைக்க உங்களாலோ கொம்பனியாலோ முடியாது. இருவர் ஓட்டும் வண்டியில் ஒருவரின் ஓட்டம் மற்றவரின் பெயரில் விழுந்திருந்தால் மட்டும், இருவரும் உறுதிப்படுத்தி மாற்றிக்கொள்ளலாம். குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள். வானிலை அறிவிப்பில் இல்லாத பனிப்புயலில் சிக்கினால் அமெரிக்காவில் 2 மணித்தியாலம் வரை கூடுதலாக ஓட்ட இடமுண்டு; அதற்கான குறிப்பு அந்த இடத்திலேயே எழுதப்பட்டால்தான் நம்பப்படும்.

அலுவலகத்திலிருந்து யாராவது உங்கள் லொக்கில் திருத்தம் முன்மொழிந்தால், அது உங்கள் திரையில் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்ற கேள்வியுடன் வரும். படித்துப் பாருங்கள். நீங்கள் சரக்கு இறக்க நின்ற 2 மணித்தியாலம் ஓய்வாக மாற்றப்பட்டிருந்தால் மறுத்துவிடுங்கள். நாள் முடிவில் இடும் உறுதிமொழி, ‘இந்தப் பதிவு உண்மையானது’ என்று நீங்கள் தரும் கையொப்பம். பிழைக்குத் தண்டம் கட்டுவதும், விபத்து நேர்ந்தால் நீதிமன்றத்தில் நிற்பதும் அதில் கையொப்பமிட்டவரே. சோர்ந்த கண்களோடு இன்னொரு மணித்தியாலம் ஓட்ட வைக்கும் திருத்தம் எதுவும் உங்கள் நன்மைக்கானது அல்ல.

வீதியில் நிறுத்தப்படும்போது

பரிசோதகர் கேட்டால் பதற்றமின்றிப் பரிசோதனைத் திரையைத் திறந்து காட்டுங்கள். அமெரிக்காவில் அன்றைய நாளும் முந்தைய 7 நாட்களும், கனடாவில் அன்றைய நாளும் முந்தைய 14 நாட்களும் பார்க்கப்படும். அமெரிக்காவில் பரிசோதகர் ஒரு குறியீட்டைச் சொல்வார்; அதைக் குறிப்புப் பெட்டியில் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இட்டு அனுப்ப வேண்டும். கனடாவில் அவர் தரும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவீர்கள். வலையமைப்புக் கிடைக்காத இடமானால் திரையையோ அச்சுத் தாளையோ காட்டலாம். அனுப்பும் முறையை நிறுத்தப்படும் முன்பே ஓரிரு தடவை திரையில் தேடிப் பார்த்துப் பழகுங்கள். அறிவுறுத்தல் தாளை எங்கே வைத்தோம் என்று பரிசோதகரின் முன் தேடும் நிலை வரக் கூடாது. கட்டாயமான வண்டியில் கருவியே இல்லாமல் அமெரிக்காவில் பிடிபட்டால், 10 மணித்தியாலம் வண்டியை எடுக்க முடியாது.

பழுதானால்

கருவியில் பழுதுக் குறியீடு தோன்றினால் அதைப் படம் எடுத்து, அமெரிக்க விதிப்படி 24 மணித்தியாலத்துக்குள் எழுத்து மூலம் கொம்பனிக்கு அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது. அமெரிக்காவில் அன்றைய நாளையும் முந்தைய 7 நாட்களையும் கருவியிலிருந்து எடுக்க முடியாவிட்டால் தாளில் மீண்டும் எழுதி, சீர்செய்யும் வரை தாளிலேயே தொடருங்கள். சீர்செய்ய அமெரிக்காவில் 8 நாட்களும், கனடாவில் 14 நாட்களும் அவகாசம் உண்டு. கனடாவில் அதற்குள் நிலையத்துக்குத் திரும்பாத பயணமாக இருந்தால், திரும்பும் நாள் வரை நீளும்.

உரிமைகள்

ஈஎல்டியின் தகவலை வைத்து, ‘இன்னும் நேரம் இருக்கிறதே, ஏன் நின்றாய்’ என்று களைத்திருக்கும் சாரதியை ஓட வற்புறுத்துவது, அது விதிமீறலுக்கு இட்டுச் செல்லுமானால், அமெரிக்கச் சட்டத்தில் துன்புறுத்தலாகக் கருதப்படும். நிகழ்ந்த 90 நாட்களுக்குள் மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிடலாம். அந்த உரையாடலின் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்லீப்பரில் இருக்கும்போது கருவியின் ஒலியை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே உண்டு. உறக்கத்தைக் கெடுக்கும் செய்தி ஒலிகளைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

கொம்பனி உங்கள் லொக்குகளை 6 மாதம் வைத்திருக்க வேண்டும். அக்காலத்தில் நீங்கள் கேட்டால் பிரதி தர வேண்டும். வேலையை மாற்றப் போகிறீர்கள் என்றால், கணக்கு மூடப்படும் முன் உங்கள் லொக்குகளை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். டொக்கில் கழித்த ஒவ்வொரு மணித்தியாலமும் அதில் இடத்துடனும் நேரத்துடனும் பதிவாகியிருக்கும். காத்திருப்புக்கான கொடுப்பனவு பாக்கியிருந்தால் அதைக் கேட்க அதுவே சான்று. புதிய கொம்பனியும் முதல் நாளிலேயே கடந்த நாட்களின் வேலை நேரத்தைக் கேட்கும்: அமெரிக்க ஓட்டத்துக்கு முந்தைய 7 நாட்கள், கனேடிய ஓட்டத்துக்கு முந்தைய 14 நாட்கள்.